ஊதா நிறப் பெட்டி

7 செப்டெம்பர் 2025, ஞாயிறு

இத்திப்புலம் கிராம முன்னேற்றச் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை இன்று ஒரு வரலாற்றுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இனிவரும் நிர்வாகக் கூட்டங்களில் ரோல்ஸ் முழுதாகப் பரிமாறப்படமாட்டாது. குறுக்கே வெட்டிப் பாதியாகவே பரிமாறப்படும். ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். முழு ரோல்ஸ் அணி விருந்தோம்பலைப் பற்றிப் பேசியது. பாதி ரோல்ஸ் அணி கொலஸ்ட்ரோலைப் பற்றிப் பேசியது. வெட்டினால் உள்ளே இருப்பது இறைச்சியா மரக்கறியா என்று கடிக்குமுன்பே தெரிந்துவிடும் என்று மூன்றாவது அணி ஒன்று சொன்ன பிறகு தீர்மானம் ஏகமனதாயிற்று.

அடுத்த விடயத்துக்கு நான்கு நிமிடம் போதுமாயிருந்தது. தலைவர் மகளோடு இருப்பதற்குக் கனடாவுக்குப் போய்விட்டார். சங்க விதிகளாக நான் எழுதிக் கொடுத்த யாப்பின்படி அது மரணத்துக்குச் சமமான வெற்றிடம். ஆகவே இடைத்தேர்தல்.

தேர்தல் அதிகாரியாக என்னை நியமித்தார்கள். “நித்தி அண்ணைதான் சரி. அவர் ஒரு பக்கமும் சாயமாட்டார்” என்றார் பொருளாளர் ரதீசன். இருபத்திரண்டு வருடம் கவுன்சிலில் வேலை செய்து, பார்க்கிங் அபராதத்தை எதிர்த்து எழுதுபவர்களுக்கு மரியாதையாக மறுப்புக் கடிதம் அனுப்பியவனைப் பற்றி வேறெப்படி நினைப்பார்கள்.

போட்டியிடுபவர்கள் இருவர். ஒருவர் பாலேந்திரா, ஜேர்மனியில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்து இல்ஃபோர்டில் மொத்தக் கடை வைத்திருக்கிறார். மற்றவள் றூபினி, ஆஸ்பத்திரியில் தாதி. புதன் சாப்பாட்டை நடத்துபவள்.

10 செப்டெம்பர், புதன்

புதன் சாப்பாடு செவன் கிங்ஸ் மண்டபத்தில் நடக்கிறது. மண்டபம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கார்ப்பெட் கடையொன்றின் பின்பக்கம் சங்கம் வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நீண்ட அறை. ஒரு மூலையில் குசினி. ஊர் வயதானவர்கள் பதினொரு மணிபோல வந்து சேருவார்கள். றூபினி இரவு ஷிப்ட் முடித்து, படுக்காமல் நேரே வந்து உலை வைப்பாள். காய் வெட்டுவது வருகிறவர்களின் வேலை.

மனைவி கலாவதியை நான் கூட்டிப்போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தபோது அவளுடைய ஆங்கிலம் முழுதாகப் போயிற்று. தமிழ் உள்ளே இருக்கிறது என்று டொக்டர் சொல்கிறார். வீட்டில் அது வெளியே வருவதில்லை. ‘ஓம்’, ‘வேண்டாம்’, ‘இஞ்சேருங்கோ’ — இவ்வளவோடு எங்கள் கிழமை முடிந்துவிடுகிறது. புதன்கிழமை மட்டும் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டு கதைக்கிறாள். முழு வாக்கியங்களாக. நான் நான்கு மேசை தள்ளி இருந்து பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

இன்று பக்கத்தில் இருந்தவளுக்கு அவள் சொன்னது: “உவர் பேப்பர் வாசிக்கேல்லை. வந்த நேரம் துவக்கம் ஒரே பக்கம்.”

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

போன வருடம் மகள் கௌசி சொல்லிக் முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலின் டே சென்டர் ஒன்றுக்கு மூன்று கிழமை அனுப்பிப் பார்த்தோம். ‘மிகவும் அமைதியானவர், எந்தத் தொந்தரவும் இல்லை’ என்று குறிப்பு எழுதித் தந்தார்கள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் கலாவதியைப் பற்றி எவரும் சொல்லாதது அது.

14 செப்டெம்பர், ஞாயிறு

சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தேர்தல் நேரம் என்றபடியால் எங்கள் தொகுதியில் வெள்ளைக்காரன் காலத்தில் நடந்த இடைத்தேர்தலைப் பற்றி எழுதினேன். என் தகப்பன், ஐயா சொன்ன கதைதான்.

அரசாங்க சபைக் காலம். உறுப்பினர் திடீரென்று செத்துப்போனார். எல்லாருக்கும் வாக்குரிமை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாருக்கும் எழுத்து வந்திருக்கவில்லை. ஆகவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. சீட்டில் புள்ளடி போடும் வேலையில்லை. வெறும் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், விரும்பிய நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியது. கொழும்பிலிருந்து வந்த அட்வகேட்டுக்குச் சிவப்பு. ஊர்ப் பரியாரியாருக்கு மஞ்சள்.

அட்வகேட் வெள்ளம் நிற்கும் பள்ளத்தைக் கடக்கத் தாம்போதி கட்டித் தருவதாகச் சொன்னார். பரியாரியார் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் முழுவதற்கும் நாடி பிடித்த கை, எனக்குத்தானே போடுவார்கள் என்று இருந்துவிட்டார். வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னர் அட்வகேட்டின் ஆட்கள் பிள்ளையாருக்குச் சிவப்புப் பட்டுச் சாத்திப் பெரிய பூசை செய்தார்கள். பரியாரியாரின் சொந்த மைத்துனியே திரைக்குப் பின்னால் போய்ச் சிவப்பில் போட்டுவிட்டு வந்தாளாம். கேட்டதற்கு, “பிள்ளையாற்ற பட்டின்ர நிறத்தைத் தாண்டிப் போக மனம் வரேல்லை” என்றாளாம்.

அட்வகேட் வென்றார். தாம்போதி வரவில்லை. அவர் பெயரில் ஒரு சைக்கிள் போகும் அகலத்தில் ஒரு ஒழுங்கை இருக்கிறது.

மைத்துனி கதையை எடுத்துவிடுவோமா என்று யோசித்தேன். அப்படியே இருக்க விட்டுவிட்டேன். மலர்க் கட்டுரையை எவர் வாசிக்கிறார்.

28 செப்டெம்பர், ஞாயிறு

அச்சுக்குப் போகுமுன்பே பாலேந்திரா கட்டுரையை வாசித்திருக்கிறார். இரண்டு தரம். என்னுடைய எழுத்துக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ரோல்ஸ் பாதியை எடுத்துக் கடித்தேன்.

“அண்ணை, நாங்களும் அந்த மாதிரியே வைப்பம். நிறப் பெட்டி. எங்கட ஆக்கள் போட்ட மாதிரி. மலருக்கும் பொருத்தம், ஃபோட்டோவுக்கும் வடிவு.”

றூபினி எதிர்ப்பாள் என்று நினைத்தேன். அவளும் ஒத்துக்கொண்டாள். “கை நடுங்கிற ஆக்களுக்குப் புள்ளடி போட ஏலாது. கண் தெரியாத ஆக்களுக்கும் நிறம் தெரியும். என்ர புதன் ஆக்களுக்கு இதுதான் சுகம்.”

ஆகவே தொண்ணூறு வருடத்துக்கு முன் எழுத்தறியாதவர்களுக்காகக் கண்டுபிடித்த முறை, லண்டனில் மூன்று கணக்காளரும் ஒரு பல் வைத்தியரும் இருக்கும் சங்கத்தில் ஏற்கப்பட்டது.

பிறகு நிறம். பச்சை வேண்டாம், கொழும்பில் ஒரு கட்சி. நீலம் வேண்டாம், கொழும்பில் மற்றக் கட்சி. சிவப்பையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு கொடியின் கதை வரும். வெள்ளை செத்தவீடு. கறுப்பைச் சொன்னவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் எவருக்கும் எந்தக் காயமும் இல்லாத நிறங்களாக ஊதாவும் செம்மஞ்சளும் மிஞ்சின. ரதீசனுக்கு ரயில் ஸ்டேஷனில் வேலை. “ஊதா எலிசபெத் லைன். செம்மஞ்சள் ஓவர்கிரவுண்ட். ரண்டிலையும் போய்ச் சேரலாம்” என்றார்.

விதிகளை நான் எழுதினேன். விதி நான்கு: வேட்பாளர் தத்தம் பெட்டிக்குத் தாமே நிறம் பூசி, வாக்கெடுப்பு நாள் காலையில் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். எனக்குப் பெயின்ற் மணம் ஒத்துவராது.

5 ஒக்டோபர், ஞாயிறு

நிறத்துக்குச் சீட்டுக் குலுக்கினோம். றூபினிக்குச் செம்மஞ்சள். பாலேந்திராவுக்கு ஊதா. மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“ஊதா என்ன நிறம் அண்ணை? அவவுக்குக் காவி மாதிரி வந்திருக்கு. ஊதாவை நான் ஒரு கோயிலிலையும் காணேல்லை.”

8 ஒக்டோபர், புதன்

பாலேந்திரா புதன் சாப்பாட்டுக்கு வந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தரமும் சோறு வாங்கினார். பிறகு எழுந்து நின்று தன் திட்டத்தை விளக்கினார். வருட முடிவில் இந்த இடத்தின் குத்தகை முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல், அந்தக் காசில் ஊர் எல்லையில் ஒரு வரவேற்பு வளைவு. இரண்டு பக்கமும் யானை. கொடுத்தவர்களின் பெயர் கல்லில்.

கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யானையைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

“அண்ணை, அப்ப புதன்கிழமை?” என்றாள் றூபினி, அகப்பையோடு.

“பிள்ளை, சங்கம் ஊருக்கோ, சாப்பாட்டுக்கோ?”

“ஊர் இப்ப உங்கட முன்னால இருந்து சாப்பிடுது.”

எல்லாரும் சிரித்தார்கள். பாலேந்திராவும் சிரித்தார். “நீர் கதைக்கிறதில கெட்டிக்காரி. வாக்கு வேற விசயம்.”

கலாவதி யானையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்: “யானைக்கு ஆர் சாப்பாடு போடுறது?”

86 வந்தது. ஏறியபின் ஒன்றும் பேசவில்லை. இந்த மாதத்தில் மண்டபத்துக்கு வெளியே பேசிய ஒரே வாக்கியம்.

12 ஒக்டோபர், ஞாயிறு

கௌசி லீட்ஸிலிருந்து போன் எடுத்தாள். “அப்பா, ஒரு லஞ்சை நம்பி இருக்க ஏலாது. பேக்கப் ஒண்டு வேணும். டே சென்டருக்குத் திருப்பி அப்ளை பண்ணட்டே?”

பண்ணு என்றேன். நீங்கள் ஏன் ஒரு பக்கம் நிற்கக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. நானாகக் கேட்டுப் பார்த்தேன். தேர்தல் அதிகாரி பக்கம் சாய்ந்தால் தேர்தல் செல்லாது. தேர்தல் செல்லாவிட்டால் உபதலைவர் தலைவராவார். உபதலைவர் பாலேந்திராவின் சகலன். ஆகவே நடுநிலைமையே றூபினிக்கு நான் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் இந்த யாப்பை.

21 ஒக்டோபர், செவ்வாய்

நேற்றுத் தீபாவளி. பாலேந்திரா எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் ஒரு மூட்டை பச்சையரிசி அனுப்பியிருக்கிறார். நான் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்தவர் தூக்கிக்கொண்டு படியிறங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

5 நவம்பர், புதன்

றூபினி காய் நறுக்கிக்கொண்டே கணக்குச் சொன்னாள். இளம் குடும்பங்கள் பாதிக்குப் பாதி. கடைக்காரர் எல்லாரும் பாலேந்திராவுக்கு. புதன் ஆட்கள் இருபத்தொரு பேர். அவர்கள் அப்படியே வந்து போட்டால் அவள் வெல்லுவாள். ஏற்றிவர இரண்டு கார் ஒழுங்குபண்ணியிருக்கிறாள்.

“அண்ணை, நீங்கள் கேக்கேல்லை. நான் சொல்லேல்லை.”

“நான் பேப்பர் வாசிக்கிறன்” என்றேன்.

மூலையிலிருந்த தவமணி அக்கா, எங்களில் மூத்தவர், கேட்டுவிட்டுச் சொன்னார்: “உனக்குப் போடாமல் ஆருக்குப் போடுறது பிள்ளை? என்ர கையால செம்மஞ்சளில போடுவன். நிறம் சரிதானே? செம்மஞ்சள்.” ஒவ்வொரு பெண்ணாக நிறத்தைச் சொல்லிப் பாடமாக்கினார்கள். கலாவதியும் சொன்னாள். வடிவாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு விசிலடித்தேன். பிறகு நிறுத்தினேன்.

15 நவம்பர், சனி

பாலேந்திரா பின்னேரம் போன் எடுத்தார். ஆற்றுக்குக் கீழே போகும் டனலுக்குள் நின்றாராம், இரைச்சலில் பாதி கேட்கவில்லை. “லூயிஷாம் சிவன் கோயிலால வாறன் அண்ணை. பெட்டி சோக்கா வந்திருக்கு.” பெட்டி ஏன் லூயிஷாமுக்குப் போனது என்று கேட்குமுன் கட்டாகிவிட்டது.

16 நவம்பர், ஞாயிறு

எழுதவேண்டும். களைப்பாக இருக்கிறது. ஆனால் எழுதவேண்டும்.

காலை ஒன்பதரைக்கு மண்டபத்தைத் திறந்தேன். திரை, கல்யாண அலங்காரம் செய்பவர் ஒருவரிடம் இரவல். மயில்கள் போட்ட தங்கநிறத் திரை. பின்னால் ஒரு மேசை. முதலில் றூபினி பெட்டியைக் கொண்டுவந்தாள். பெரிய பிஸ்கட் தகரம், செம்மஞ்சள், சுத்தமாகப் பூசியிருந்தாள். மூடியில் ஒரு வெட்டு. வேறொன்றும் இல்லை.

பிறகு பாலேந்திரா. பட்டு வேட்டி. இரண்டு கையாலும் நெஞ்சுயரத்தில் ஏந்திக்கொண்டு வந்தார். அதே தகரம், ஊதா. முன்பக்கம் மூன்று குறி திருநீறு. நடுவே சந்தனம், குங்குமம். சுற்றி மல்லிகைச் சரம். மூடியின் வெட்டுக்குப் பக்கத்தில் பூசை எலுமிச்சையாக ஒரு தேசிக்காய். திரைக்குப் பின்னால் மேசையில் வைத்து, அருகில் சின்ன வெள்ளித் தட்டில் திருநீறும் வைத்தார்.

“இது என்ன?” என்றேன்.

“அர்ச்சனை அண்ணை. புது வான் எடுத்தாலும் கொண்டுபோறனான், கடைக்குப் புது ஃப்ரிட்ஜ் எடுத்தாலும் கொண்டுபோறனான். இது புதுப் பெட்டி.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விதி நாலில நிறம் பூசச் சொல்லிக் கிடக்கு. வேறொண்டும் பூசக்கூடாது எண்டு இல்லையே” என்றார். கபடமாகச் சொல்லவில்லை. விதியை வாசித்திருக்கிறார். இதையும் இரண்டு தரம் வாசித்திருப்பார்.

றூபினி என்னைத் திரைக்குப் பக்கமாக அழைத்தாள். இரவு ஷிப்டால் வந்தவள்; கண் சிவந்திருந்தது. “அண்ணை, உதைத் துடைக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி நீங்கள் துடையுங்கோ. நீங்கள்தான் அதிகாரி.”

அவள் சொன்னது சரி. எனக்கு அதிகாரம் இருந்தது. விதி ஒன்பது: சர்ச்சை எழும் எவ்விடயத்திலும் தேர்தல் அதிகாரியின் தீர்ப்பே இறுதியானது. நான் கோயிலுக்குப் போகிறவனுமில்லை. குசினியில் ஈரத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். அரை நிமிட வேலை.

அந்த நேரம் ரதீசன் கலாவதியைக் கூட்டிக்கொண்டு திரையை விலக்கினார். “அக்கா உங்களைத் தேடுறா அண்ணை.”

கலாவதி மேசையைப் பார்த்தாள். கண் பெரிதாயிற்று. இரண்டு கையும் தானாகக் கூடின.

“கோயிலுக்கே வந்தனாங்கள்? எனக்குச் சொல்லேல்லையே நீங்கள். சொல்லியிருந்தா நல்ல சீலை உடுத்திருப்பன்.”

ஞாயிற்றுக்கிழமை. பயற்றங்காய் இல்லை, பெண்கள் இல்லை. என்னைப் பார்த்து, எனக்கு.

பிறகு கீழே பார்த்தாள். “இஞ்சேருங்கோ. சப்பாத்தைக் கழட்டுங்கோ. என்ன மனுசன் நீங்கள்?”

நான் ஈரத்தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். குனிந்து சப்பாத்தைக் கழற்றித் திரைக்கு வெளியே வைத்தேன். அவளுடையதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

றூபினி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து மணிக்கு வாக்கெடுப்பைத் தொடங்கினேன். முதலில் வந்தவர் திரைக்கு முன்னால் இரண்டு சோடிச் சப்பாத்தைக் கண்டார். ஒரு சோடி தேர்தல் அதிகாரியுடையது. தானும் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மூன்று சோடியைக் கண்டார்கள். பதினொரு மணிக்குள் கோயில் வாசல் மாதிரி ஒரு வரிசை. இளசுகள் கழற்றவில்லை, இரண்டு பேர் மட்டும், சொக்ஸில் ஓட்டை இல்லாதவர்கள் என்று நினைக்கிறேன், கழற்றினார்கள்.

கலாவதி சீட்டை வாங்கித் தனியாகப் போனாள். வரும்போது நெற்றியில் திருநீறு. விரல் நுனியில் மிச்சம் வைத்திருந்தாள். நேரே என் மேசைக்கு வந்து, சீட்டுக் கட்டுக்கு மேலாகக் குனிந்து, எனக்கும் பூசிவிட்டாள். அதை நான் அழிக்கவில்லை. மாலை நாலு மணி வரை, இரண்டு வேட்பாளருக்கும் நடுவில், நெற்றியில் ஊதாப் பெட்டியின் திருநீற்றோடு இருந்து சீட்டுக் கொடுத்தேன்.

இரகசிய வாக்கு என்று விதி இரண்டில் எழுதியிருக்கிறேன். இரகசியம் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் நெற்றியோடு உள்ளே போனவர்கள் பலர் திருநீற்று நெற்றியோடு வெளியே வந்தார்கள். றூபினி கதவடியில் நின்று ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தாள். கார் இரண்டும் புதன் ஆட்களை ஏற்றி வந்து இறக்கிக்கொண்டிருந்தன. அவள் ஒழுங்குபண்ணிய கார்கள். ஒரு கட்டத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தவமணி அக்கா வெளியே வந்தபோது நெற்றியில் திருநீறு, பொட்டிடத்தில் சந்தனம், காதில் ஒரு மல்லிகைப் பூ. நேரே றூபினியிடம் போய்க் கன்னத்தைத் தடவினார்.

“நல்ல வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை. சாமியும் வைச்சு.”

“செம்மஞ்சளில போட்டனீங்களே அன்ரி?”

“அது அங்கால ஒரு டின் கிடந்தது. சாமியை வைச்சிட்டு அதுக்குள்ள எப்பிடிப் போடுறது? உனக்குத்தான் போட்டனான்.”

“ஓம் அன்ரி” என்றாள் றூபினி. “காலைப் பாத்து வையுங்கோ. படி கிடக்கு.”

எண்ணினோம். பாலேந்திரா பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஊதாப் பெட்டியைக் கவிழ்த்தபோது சீட்டோடு சில்லறையும் விழுந்தது. அதை என்ன செய்வது என்று விதியில் இல்லை. ரதீசன் கோயிலுக்குக் கொடுக்க எடுத்து வைத்தார்.

பாலேந்திராவுக்கே நம்ப முடியவில்லை. சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கடவுளே” என்றார். அவர் நிலைமையில் அது சரியான விளக்கம்தான்.

17 நவம்பர், திங்கள்

தீர்ப்பே இறுதியானது என்று எழுதியவன் மேல்முறையீடு செய்ய முடியுமா என்று யாப்பைப் பார்த்தேன். முடியாது. ஓட்டையில்லாமல் எழுதியிருக்கிறேன்.

கோட்டுப் பைக்குள் ஈரத்தாள் காய்ந்து கிடந்தது.

19 நவம்பர், புதன்

புதன் ஆட்கள் றூபினிக்குக் கேசரி கொண்டுவந்திருந்தார்கள். வென்றதற்கு. ஒருவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. “நாங்கள் எல்லாரும் வந்து போட்டனாங்கள்தானே” என்றார் தவமணி அக்கா. றூபினி ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன், புதன் சாப்பாட்டுக்கு வேறு வழி ஏதும் உண்டா என்று.

“என்ர ஃப்ளாட்டில ஆறு பேருக்கு மேல இருக்க ஏலாது. லிஃப்ட்டும் இல்லை. வேற இடம் கேட்டுப் பாத்தன். எல்லாம் வாடகை அண்ணை.” பிறகு, என்னைப் பார்க்காமல்: “நீங்கள் துடைச்சிருக்கலாம்.”

“ஓம்.”

“அக்காவும் அதிலதான் போட்டவ, என்ன?”

“ஓம்.”

தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். “அண்டைக்கு அக்கா நல்லாக் கதைச்சவ. எனக்குக் கேட்டது.”

30 நவம்பர், ஞாயிறு

புதிய தலைவரின் முதல் கூட்டம், தன் கடையின் மேல்மாடியில். சொன்ன நேரத்துக்குச் சரியாகத் தொடங்கியது, ஜேர்மனிப் பழக்கம். தீர்மானங்கள்: குத்தகை புதுப்பிக்கப்படமாட்டாது. வளைவுக்கு மூவர் குழு. யானைகள் தும்பிக்கையை உயர்த்தியிருக்க வேண்டும், தாழ்த்தியிருந்தால் தரித்திரம். ரோல்ஸ் பற்றிய செப்டெம்பர் மாதத் தீர்மானம் இரத்து, முழுதாகவே பரிமாறப்படும்.

வளைவின் கல்லில் என் பெயரும் வரும். வரலாற்று ஆலோசகர். வேண்டாம் என்று எழுத்தில் அறிவித்தேன். அடக்கம் என்று குறிப்பில் பதிந்தார்கள்.

17 டிசெம்பர், புதன்

அடுத்த புதன் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள், அதற்கடுத்தது வருடக் கடைசி. ஆகவே இன்று கடைசி. றூபினி பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். இரண்டு நாளாக ஆயத்தம் செய்திருக்கிறாள். பாலேந்திரா நண்டும் இறாலும் கடையிலிருந்து அனுப்பினார், காசு வாங்கவில்லை. தானும் வந்து ஒரு மூலையில் நின்று குடித்தார். எவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போகும்போது கலாவதி றூபினியின் கையைப் பிடித்தாள். “அடுத்த முறை மரவள்ளி வாங்கு பிள்ளை. நல்லதாப் பாத்து. போன முறை வாங்கினது நார்.”

“ஓம் அக்கா. பாத்து வாங்கிறன்.”

பஸ்ஸில் அந்த நாரைப் பற்றி இல்ஃபோர்ட் வரை சொல்லிக்கொண்டு வந்தாள். நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போனேன். இரண்டு தரிப்பு.

31 டிசெம்பர், புதன்

காலை பத்தரைக்கு நல்ல சீலை உடுத்து, கைப்பையோடு வாசலில் நிற்கிறாள். மண்டபம் பூட்டு என்றேன். பூட்டியிருக்கிறது என்றேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். திரும்பிப் போய் நின்றாள். மழை.

லூயிஷாமுக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றியது. போனோம். மூன்று வாகனம் மாறி. சன்னதியில் நின்று கும்பிட்டாள். திருநீறு வாங்கினாள். பூசிக்கொண்டாள். எனக்கும் பூசினாள்.

காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

7 ஜனவரி 2026, புதன்

கௌசி விண்ணப்பித்த டே சென்டரில் இடம் கிடைத்துவிட்டது. புதன்கிழமை, பத்திலிருந்து மூன்று. மூன்று மணிக்குப் போய்க் கூட்டிவந்தேன். முதல் நாள் குறிப்பு தந்தார்கள்: மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். மிகவும் அமைதியானவர். எந்தத் தொந்தரவும் இல்லை.